கடலுக்கு அதே மாதம், காட்டுக்கு வேறு மாதம்

நீங்கள் கேட்டது இது: 2019 பிப்ரவரியில் தாய்லாந்தின் ரைலே கடற்கரையிலும் காவ் சோக் காட்டிலுமாக ஒரு வாரம் இருந்தீர்கள், அதைப்போல ஒரு பயணம் பிறகு வாய்க்கவில்லை. இப்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அதே இரண்டு இடங்களுக்கும் போக ஆசை. பத்து நாள் விடுப்பு மே கடைசியில்தான் கிடைக்கும். போகலாமா, அல்லது பிடித்த இடத்துக்குத் திரும்பிப் போனால் ஏமாற்றம்தானா?

காவ் சோக்குக்குப் போங்கள். ரைலேக்கு மே கடைசியில் போகாதீர்கள்.

பதினைந்து ஆண்டுகளாக ஒரே சில இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்வருகிறவன் என்ற முறையில் நான் கண்டுகொண்ட விதி ஒன்று உண்டு. பிடித்த கடற்கரைக்குத் திரும்புவதாக இருந்தால், பிடித்துப்போன அதே மாதத்தில் திரும்புங்கள். பிடித்த காட்டுக்குத் திரும்புவதாக இருந்தால் வேண்டுமென்றே வேறு மாதத்தில் திரும்புங்கள். இதைத் தெரியாமல் மாற்றிச் செய்து பணத்தைத் தொலைத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் தாய்லாந்தின் லாந்தா தீவில் ஐந்து நாள் இருந்தேன். கண்ணாடிபோலக் கடல், அகன்ற மணல். அடுத்த ஆண்டு விமானக் கட்டணம் பாதி என்பதற்காக அதே தீவுக்கு ஜூன் மாதம் போனேன். உணவு விடுதிகளில் பாதி பூட்டியிருந்தன. மணற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது. அதிலும் சிவப்புக் கொடி. தீவுகளைச் சுற்றிக்காட்ட முன்பணம் வாங்கியிருந்த படகு முகவர் "கடல் சரியில்லை" என்று மட்டும் சொன்னார். பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜூன் மாதத்தில் கேரளத்துக் கோவளம் கடல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் நான். அந்தமான் கடலின் கிழக்குக் கரை மட்டும் வேறு மாதிரி இருக்கும் என்று ஏன் நினைத்தேன் என்பதுதான் கேள்வி.

தாய்லாந்தின் தென்பகுதி ஓர் ஒடுங்கிய நிலம். நடுவே மலைத்தொடர், இருபுறமும் கடல். மேற்கே அந்தமான் கடல்: புக்கெட், கிராபி, ரைலே, லாந்தா, சிமிலான் எல்லாம் இந்தப் பக்கம். கிழக்கே தாய்லாந்து வளைகுடா: சமூய், பங்ஙான், தாவ் தீவுகள் அந்தப் பக்கம். நமக்கு இதைப் புரியவைக்க வரைபடம் வேண்டியதில்லை. மேற்குக் கரை கேரளம்போல, கிழக்குக் கரை சோழமண்டலக் கரைபோல. கேரளத்தை நனைக்கும் அதே தென்மேற்குப் பருவமழைதான் மே நடுவிலிருந்து அக்டோபர்வரை ரைலேயை அடிக்கிறது. நவம்பரில் சென்னையை மூழ்கடிக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் அப்போது சமூயையும் நனைக்கிறது. ஐரோப்பியப் பயணிகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதி விளக்குகிற விஷயம் இது. நமக்கு இரண்டு வரி போதும்.

அரசே இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. சிமிலான், சுரின் தீவுப் பூங்காக்களை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவிடுகிறார்கள். மறுபக்கம், சமூய்க்கு அருகிலுள்ள ஆங் தோங் கடற்பூங்காவை நவம்பரில் மூடுகிறார்கள். கடலின் ஆபத்து ஒரு காரணம். பவளப்பாறைகளுக்கு ஓய்வு கொடுப்பது இன்னொன்று.

மாதம் மட்டும் பார்த்தால் போதாது, திதியும் பார்க்க வேண்டும். கேலியாகச் சொல்லவில்லை. சென்னைக் கடலில் ஓதம் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால் நமக்கு அதைக் கவனிக்கும் பழக்கமே இல்லை. கிராபிப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது இரண்டரை மீட்டரைத் தாண்டும். காலையில் நீந்திய இடத்தில் மதியம் நண்டு பிடிக்கலாம். ரைலேயின் கிழக்குக் கரை நீர் வற்றும்போது வெறும் சேறும் அலையாத்தி வேருமாக இருக்கும். நீரேறி நிற்கும்போது வந்தவரும் வற்றிய நேரத்தில் வந்தவரும் ஒரே ஊரைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகம் வந்துவிடும். கிராபிக்கு எதிரே தூப், மோர் என்ற குட்டித் தீவுகளை இணைக்கும் மணல்திட்டு நீர் வற்றும்போதுதான் மேலே வரும். 'தலே வேக்' என்று பெயர். பிளந்த கடல் என்று பொருள். நல்ல வற்றமுள்ள நாளில் போனால் கடலுக்கு நடுவே நடக்கலாம். நீர் அவ்வளவாக வற்றாத அட்டமி, நவமியில் போய்விட்டு "படத்தில் பார்த்ததுபோல இல்லையே" என்று குறைப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாள்காட்டியைப் புரட்டுவதற்கு நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை அல்லவா?

பருவம் சரியாக இருந்தாலும் கடற்கரை உங்கள் நினைவில் இருப்பதுபோலவே இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பி பி லே தீவிலுள்ள மாயா விரிகுடாவைச் சொல்கிறேன். ஒரு ஹாலிவுட் படத்தால் புகழ்பெற்று, நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர்வரை வந்து இறங்கிய இடம். படகுகளின் நங்கூரம் பட்டே பவளப்பாறை நொறுங்கியது. 2018 ஜூனில் மூடினார்கள். நான்கு மாதம் என்றுதான் முதலில் சொன்னார்கள். திறந்தது 2022 ஜனவரியில். இப்போது எந்தப் படகும் விரிகுடாவுக்குள் வர முடியாது. தீவின் பின்பக்கமாக இறங்கி, மரப்பாதை வழியே நடந்து வர வேண்டும். ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. நீந்தக் கூடாது, காலை நனைக்கலாம், அவ்வளவே. ஆண்டுதோறும் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மறுபடி மூடுகிறார்கள்.

2010 வாக்கில் அங்கே நீந்திய என் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு போய்விட்டு, "அருங்காட்சியகத்துக்குப் போய்வந்ததுபோல இருந்தது" என்று அலுத்துக்கொண்டார். எனக்கு நேர்மாறான எண்ணம். முழங்கால் ஆழத் தண்ணீரில் கருநுனித் துடுப்புச் சுறாக் குட்டிகள் வட்டமடிப்பதை அங்கே நின்று பார்த்தேன். முன்பு அந்த இடத்தில் படகு எண்ணெய்தான் மிதந்தது. நாம் வெளியேறிய பிறகு வேறொருவர் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். நமக்கு வாசல்வரைதான் அனுமதி. நான் அதை இழப்பாக எண்ணவில்லை.

பவளப்பாறைகளைப் பொறுத்தவரை எதையும் இனிப்பாகச் சொல்ல மாட்டேன். 2010இலும் 2024இலும் கடல்நீர் சூடாகிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. மூழ்கிப் பார்த்த வண்ணங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக மட்டும் ஒரு பாறையைத் தேடிப் போகாதீர்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: ஆக்சிபென்சோன், ஆக்டினோக்சேட் போன்ற, பவளத்தைக் கெடுக்கும் பொருள்கள் கலந்த வெயில் களிம்புக்கு 2021 முதல் அங்குள்ள தேசியப் பூங்காக்களில் தடை உண்டு, அபராதம் ஒரு லட்சம் பாட்வரை போகலாம். குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிடுவதே சுலபம்.

இனிக் காடு.

காவ் சோக் மேற்கு, கிழக்குக் கரைகளுக்கு இடையில், மலைத்தொடரின் மேலேயே இருக்கிறது. இரண்டு பருவமழையும் அங்கே பெய்யும். தாய்லாந்தில் மழை அதிகம் விழும் இடங்களில் அது ஒன்று. அதனால்தான் அந்தக் காடு ஒரே மாதிரி இரண்டு மாதம் இருப்பதில்லை. பிப்ரவரியில் நீங்கள் பார்த்தது அதன் வறண்ட முகம்: பாதைகள் காய்ந்திருக்கும், அட்டை குறைவு, ஆறு கணுக்காலளவு. அந்தப் பருவத்துக்கே உரிய காட்சி 'புவா புட்' என்று அவர்கள் சொல்லும் ரஃப்ளீசியா மலர். எழுபது, எண்பது சென்டிமீட்டர்வரை விரியும். இலையும் இல்லை, தண்டும் இல்லை. திராட்சைக் குடும்பத்துக் காட்டுக்கொடி ஒன்றின் வேரை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி. மொட்டு மாதக்கணக்கில் பருக்கும். விரிந்தால் ஒரு வாரத்தில் கறுத்து அழுகிவிடும். நாற்றம் செத்த எலிபோல, ஈக்களை வரவழைக்க. காவ் சோக் இருக்கும் சூராட் தானி மாகாணத்தின் அடையாள மலரே இதுதான். நமக்கு வாய்த்தது தாமரை, செங்காந்தள். அவர்களின் துணிச்சலைப் பாராட்ட வேண்டும்.

மே கடைசியில் அந்த மலர் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் பிப்ரவரியில் நீங்கள் கேட்காததைக் கேட்பீர்கள். மழை பிடித்த இரவில் தவளைகள் போடும் சத்தத்தில் பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. விடியலில் வெண்கைக் கிப்பன் குரங்குகள் ஆணும் பெண்ணுமாக மாறி மாறிக் கூவும். கூவலுக்கு இடையில் மலை முகட்டில் மேகம் தவழ்ந்து இறங்கும். அருவிகளில் தண்ணீர் இருக்கும். அட்டையும் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்தவர்களுக்கு அது புதிதல்ல. முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறையைக் காட்டு வாசலில் உள்ள கடைகளிலேயே விற்கிறார்கள்.

இருவாட்சிப் பறவைக்காகவும் மாதத்தை மாற்ற வேண்டும். நம் வால்பாறையில் பார்க்கிற அதே பெரிய இருவாட்சி அங்கும் உண்டு. ஆண்டின் தொடக்க மாதங்களில் பெண் பறவை மரப்பொந்துக்குள் நுழைந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஆண் மட்டும் ஒரு கீறல் வழியாகப் பழம் ஊட்டும். ஆகவே பிப்ரவரியில் தனியாகப் பறக்கும் ஒற்றைப் பறவைதான் கண்ணில் படும். பெண்ணும் குஞ்சும் வெளியே வந்தபிறகு போனால் குடும்பமாகப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஆண்டு அதே பொந்துக்குத் திரும்பும் பறவை அது. உங்கள் கேள்வியை அதனிடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கும்.

காவ் சோக்கிலுள்ள சியோ லான் ஏரியில் மிதக்கும் குடில்களில் நீங்கள் ஓர் இரவாவது தங்கியிருப்பீர்கள். அந்த ஏரியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இரண்டாம் முறை போவதற்கு அதுவே போதுமான காரணம். தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்த்தால் ஆதிகாலத்து ஏரி என்றே தோன்றும். அதற்கு வயது ஏறக்குறைய நாற்பதுதான். 1987இல் கட்டி முடித்த அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் அது. அணையின் பெயர் ராட்சபிரபா. 'ராஜ்யப் பிரபா' என்பதைத் தாய் நாவில் சொன்னால் அப்படி வரும். நீர்மட்டத்துக்கு மேலே இன்றும் பட்ட மரங்கள் நிற்கின்றனவே, அவை முன்பு பள்ளத்தாக்கின் காடு. நீர் ஏற ஏறக் குன்றுகள் தீவுகளாயின. விலங்குகள் அவற்றில் சிக்கிக்கொண்டன. சுப் நாகசதியென் என்ற வன அதிகாரி சிறு குழுவுடன் படகில் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பிடித்துக் கரைசேர்த்தார். மீட்ட உயிர்களைவிட மூழ்கியவையே மிக அதிகம் என்பதை அருகிலிருந்து கண்டவர், அதன்பின் அணைகளுக்கு எதிராகவே வாதாடினார். பிறகு மேற்குத் தாய்லாந்தின் ஹுவாய் கா கெங் சரணாலயத்துக்குப் பொறுப்பேற்று, வேட்டைக்காரர்களையும் மரம் வெட்டுவோரையும் தடுக்கப் போதிய ஆதரவு கிடைக்காத நிலையில், 1990 செப்டம்பர் 1 அன்று தன்னையே மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு அந்தக் காடு உலகப் பாரம்பரியச் சின்னமானது. முதல் பயணத்தில் இது எதுவும் தெரியாமல் நான் அந்த ஏரியில் குதித்து விளையாடினேன். இரண்டாம் முறை அந்தப் பட்ட மரங்களின் பக்கம் படகு போனபோது பேச்சு வரவில்லை.

காவ் சோக் காடு தப்பிப் பிழைத்ததற்கும் விசித்திரமான காரணம் உண்டு. 1976 அக்டோபர் 6 அன்று பாங்காக்கின் தம்மசாத் பல்கலைக்கழகத்தில் நடந்த படுகொலைக்குப் பிறகு மாணவர்கள் பலர் காடுகளுக்குள் ஓடிக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுடன் சேர்ந்தார்கள். இந்த மலைகளும் அவர்களின் புகலிடமாயின. துப்பாக்கிக்குப் பயந்து மரவெட்டிகளும் சுரங்கக்காரர்களும் உள்ளே வரவில்லை. 1980இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது காட்டின் உண்மையான காவலர்கள் அரசுக்கு எதிரானவர்கள்தான்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். ஏரிக்கு அப்பால் 'நாம் தாலு' என்ற குகை இருக்கிறது. நடுவே ஓடை ஓடும், சில இடங்களில் கழுத்தளவு நீரில் போக வேண்டும். பிப்ரவரியில் அதற்குள் போய்வந்திருந்தால் மறுபடி போக ஆசை வரும். 2007 அக்டோபரில் வெளியே பெய்த மழையால் உள்ளே திடீர் வெள்ளம் புகுந்து எட்டுப் பேர் இறந்த இடம் அது. மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். மே கடைசியில் யாராவது திறந்திருக்கிறது என்று சொன்னாலும் குழந்தைகளோடு நுழையாதீர்கள். வேறு வறண்ட குகைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

காவ் சோக்கிலிருந்து மேற்கே இறங்கும் 401ஆம் நெடுஞ்சாலை தகுவா பாவில் முடிகிறது. அந்த ஊர்ப் பக்கம் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்பதாம் நூற்றாண்டுடையது. நாங்கூர் உடையான் என்பவர் தோண்டிய குளத்துக்கு 'அவனிநாரணம்' என்று பெயரிட்டு, அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்ட செய்தி அதில் இருப்பதாக அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். அவனி நாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். அந்தக் கரைக்கு வந்து, போய், திரும்பி வந்தவர்களில் நாம் முதல் ஆட்கள் இல்லை. குளம் வெட்டும் அளவுக்கு அவர்களுக்கு ஊர் பிடித்திருக்கிறது.

திரும்பிப் போவதன் இன்னொரு பலன் மனிதர்கள். முதல் முறை எல்லாரும் உங்களை வாடிக்கையாளராகப் பார்ப்பார்கள். இரண்டாம் முறை அதே கடைக்குப் போய், உங்களைவிட மூத்தவரை 'பீ' என்று அழையுங்கள்; அக்கா, அண்ணன் இரண்டுக்கும் அதுவே சொல். இன்னும் மூத்த பெண்மணியை 'பா' எனலாம், பெரியம்மா மாதிரி. "கின் காவ் ரூ யங்" என்று கேட்பார்கள். சாப்பிட்டாயிற்றா என்று பொருள். நம் ஊரில் கேட்பதைப் போலவே, பதிலுக்காகக் கேட்பதில்லை. நீங்கள் சைவமாக இருந்தால் 'மங்சவிரத்' என்று சொல்லுங்கள். மாம்சம், விரதி (விலகுதல்) என்ற வடசொற்கள்தான் அவை. ஏரிக் குடிலில் மூன்று வேளையும் அவர்கள் சமைப்பதுதான், பக்கத்தில் கடை கிடையாது. அதனால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். மீன் சாறு வேண்டாம், 'மை சாய் நாம் பிளா', என்று தனியாகச் சொல்லாவிட்டால் காய்கறிப் பொரியலிலும் அது வந்துவிடும்.

ஆக, உங்கள் பத்து நாளை இப்படிப் போடுவேன். விமானத்தில் சூராட் தானியில் இறங்குங்கள். காவ் சோக்கில் நான்கு இரவு: ஆற்றோரம் இரண்டு, ஏரியில் இரண்டு. பிறகு மேற்கே திரும்பாதீர்கள். அதே 401ஆம் சாலையில் கிழக்கே போனால் வளைகுடா. மே கடைசியில் அந்தப் பக்கம் கடல் பெரும்பாலும் அமைதி. டோன்சாக் துறையிலிருந்து படகேறினால் சமூய் அல்லது பங்ஙான். கூட்டம் வேண்டாம் என்றால் தீவுக்கே போகாமல் கனோம் கடற்கரையில் தங்குங்கள். அந்தப் பக்கத்துக் கடலில் இளஞ்சிவப்பு நிற ஓங்கில்கள் (டால்பின்கள்) உண்டு. பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? விசா விதியை மட்டும் டிக்கெட் எடுக்கும் அன்றே பாருங்கள்; 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று ஆக்கினார்கள், அடிக்கடி மாற்றுகிற விஷயம் அது. 2025 மே முதல் வருகைப் படிவத்தையும் இணையத்திலேயே முன்கூட்டி நிரப்ப வேண்டும்.

ரைலேயை அரையாண்டு விடுமுறைக்கு எடுத்து வையுங்கள். டிசம்பர் கடைசியில் அறை வாடகை எகிறியிருக்கும், கூட்டமும் இருக்கும், ஆனால் பருவம் ஒன்றே என்பதால் கடல் நீங்கள் கண்ட அதே கடலாக இருக்கும். ஆவ் நாங்கிலிருந்து நீள்வால் படகில்தானே போக வேண்டும். படகின் மூக்கில் வண்ணத் துணியும் பூமாலையும் கட்டியிருப்பது மே யா நாங் என்ற படகுத் தெய்வத்துக்கு, அதன்மேல் கால் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நீர் வற்றிய நேரமாக இருந்தால் கரைக்கு நூறு அடி முன்பாகவே இறக்கிவிடுவார்கள். சக்கரப் பெட்டி வேண்டாம், தோள்பை போதும்.